நீ வெட்டின வயர்

க்ளைவ்,

கார் சாவியைத் தேடாதே, என் கைப்பையில இருக்கு. நான் பஸ்ல போறேன்.

காரைப் பின்னால எடுக்கும்போது ஏதாச்சும் குறுக்கே இருந்தா கத்துற அந்தப் பின்பக்க சென்சாரோட வயரை வெட்டினது நீதான். எலி கடிச்சா இவ்வளவு நேரா கடிக்காது. "காலம் பூரா லாரி ஓட்டினவனுக்கு இந்தக் கீச்சுச் சத்தம் வழிகாட்டணுமா?"ன்னு பப்ல பீத்திக்கிட்டியாமே.

நேத்து நீ காரைப் பின்னால எடுத்தப்ப, நம்ம பேத்தி ஃப்ளோரி மூணு சக்கர சைக்கிளோட பம்பரை ஒட்டி நின்னுக்கிட்டிருந்தா. கார் ரேடியோவுல அலறின ரக்பி கமெண்ட்ரியில நான் கத்தினது உனக்குக் கேக்கல. சட்டையைப் பிடிச்சுப் பிள்ளையை இழுத்துட்டேன். சைக்கிள் நசுங்கிடுச்சு. இறங்கி வந்து நீ கேட்ட முதல் கேள்வி, "பம்பர்ல கீறல் விழுந்துச்சா?"

மதியம் மெக்கானிக் ஹெமி வந்து புது வயர் போடுவான். சென்சார் மாட்டுறேன்னு பம்பர்ல ஓட்டை போட்டுப் பழைய காரைக் கெடுத்துட்டான்னு அவன் மேல பாயாதே. மீந்த ஆட்டுக்கறி ஃப்ரிட்ஜ்ல இருக்கு, நீயே சூடு பண்ணிக்கோ.

நோலீன்

பி.கு: ராத்திரி நீ ஷெட்ல உக்காந்து அந்தச் சைக்கிளை நிமித்திக்கிட்டிருந்ததைப் பார்த்தேன். அதுக்காக என் கோபம் ஆறிடும்னு நினைக்காதே.

இன்னொண்ணு: மக கிட்ட நான் இன்னும் சொல்லல. இன்னிக்கே நீ போன் பண்ணிச் சொல்லு. நானே சொல்ல வேண்டி வந்துச்சுன்னா, எதையும் குறைச்சுச் சொல்லமாட்டேன்.