நடுவில் விழுந்த பந்து

என் அன்புக் காதர்,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரிகூட எழுதாதவன் இப்போது பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன் என்றால், காரணம் இல்லாமல் இருக்காது என்று உனக்குத் தெரியும். லேசில் தப்பை ஒப்புக்கொள்கிறவன் இல்லை நான் என்பதும் உனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேள். இதை நம் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதுகிறேன். உன்னைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லிவைத்த ஒரு பேச்சை, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இங்கத்துச் சேதி. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் நம் டென்னிஸ் புல்தரை அப்படியே இருக்கிறது. பக்கத்துக் கொட்டகை எருமைகளும் அப்படியே இருக்கின்றன. காலையில் அவை நடந்துபோன குளம்புப் பள்ளங்களை உருளை போட்டுச் சமன் செய்யாமல் இப்போதும் ஆட முடியாது. கோடு போடுகிற சுண்ணாம்பு இன்னும் சூளையிலிருந்து வாளியில்தான் வருகிறது. வலை மட்டும் புதுசு. பழையதைக் காத்தோங் மீன்காரர் ஒருவர் தைத்துத் தைத்து, கடைசியில் அது அவர் வலையாகவே ஆகிவிட்டது.

நான் அதே கிடங்கில் அதே குமாஸ்தா. தொப்பை கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. நீ போன பிறகு நான் இரட்டையர் ஆட்டம் ஆடவில்லை, இப்போது தனி ஆட்டமும் இல்லை. சாயங்காலம் வேலை விட்டதும் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுகிறேன். சிரிக்காதே. எனக்குப் பொறுமை கிடையாது என்று நீ சொன்னது இன்றைக்கும் உண்மைதான், ஆனால் பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள்.

ஏழு பேர் வருகிறார்கள். வந்ததும் உருளையைத் தள்ள வேண்டும், பிறகு கயிறு தாண்ட வேண்டும், அதற்கப்புறம்தான் ராக்கெட்டைத் தொடலாம். சர்வீஸ் கட்டத்தின் மூலையில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வைத்திருக்கிறேன். பந்து அதில் டங்கென்று படும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. டிராம் கண்டக்டர் மகன் பொன்னுசாமி, இடதுகைக்காரன், பதினைந்து வயது. வந்த புதிதில் பந்தை வேலிக்கு வெளியே அனுப்புவதையே பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது பத்துக்கு ஏழு தகரத்தில் விழுகிறது. கால் இன்னும் கொஞ்சம் மந்தம்.

இன்னொருவன் உன் தம்பி சாகுல். நீ போகும்போது எட்டு வயசு. இப்போது உன் தோளுக்கு வந்திருப்பான். உன் பழைய ராக்கெட்டைத்தான் வைத்திருக்கிறான். பிடியில் நீ தேய்த்த இடம் அவன் கைக்குப் பொருந்தவில்லை, துணி சுற்றிக்கொள்கிறான். புறங்கை அடியில் ஏழு பேரில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. பந்து வருவதற்கு முன்பே அங்கே போய் நிற்கிறான். இதை அவனிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

போன மாதம் ஓர் அழைப்பு வந்தது. எல்லாச் சங்கத்து இளையவர்களுக்கும் இரட்டையர் போட்டி, சங்கத்துக்கு ஒரே ஒரு ஜோடி. யார் என்று முடிவு செய்வது என் பொறுப்பு. நான் பொன்னுசாமியையும் அந்தோணி என்கிற இன்னொரு பையனையும் பட்டியலில் எழுதினேன். தன் பெயர் ஏன் இல்லை என்று சாகுல் வந்து கேட்டான். "உனக்கு நிதானம் பத்தாதுடா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் மனதில் இருந்தது வேறு. கடைசிப் பந்தில் இவனும் அண்ணன் மாதிரி பதறிவிடுவான் என்று நினைத்தேன்.

எந்தப் பந்து என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நாலு வருஷம் நானும் காதரும் ஜோடி. துரைமார் ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்து, 'மைன்', 'யுவர்ஸ்' என்ற இரண்டு வார்த்தைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். நடுவில் விழுகிற பந்து என்னுடையது என்றால் 'மைன்', உன்னுடையது என்றால் 'யுவர்ஸ்' என்று கத்துவோம். ஆறு வருஷம் முன்னால் நடந்த கோப்பை இறுதி ஆட்டத்தில், கடைசிப் பந்தை எதிராளி உயரத் தூக்கிப் போட்டான். அது எங்கள் இருவருக்கும் நடுவே, பின்பக்கமாக இறங்கியது. நான் அதன் அடியில் நின்று ராக்கெட்டை ஓங்கிவிட்டேன். வலைப் பக்கத்திலிருந்து காதர், இங்கிலீஷெல்லாம் மறந்துபோய், "விடு" என்று கத்தினான். பந்து வெளியே போகிறது போலிருக்கிறது என்று நான் கையை இழுத்துக்கொண்டேன். பந்து கோட்டின் மேலேயே விழுந்து சுண்ணாம்பு பறந்தது. கோப்பை போய்விட்டது.

"நான் விடுன்னுதானேடா சொன்னேன்?" என்று நீ கேட்டாய்.

"நானும் அதைத்தானேடா செஞ்சேன்?" என்றேன்.

நீ என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாய். தப்புச் செய்தவன் முழிக்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். காதர் பதறிக் கெடுத்துவிட்டான் என்று அன்று மாலையே நம் வட்டாரமான தேக்கா முழுக்கச் சொன்னேன். நீ இரண்டு தடவை கிடங்கு வாசலுக்கு வந்தாய். வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் உனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. உன்னை அடக்கம் செய்த அன்றைக்குக் கடைசி வரிசையில் நின்றேன். அங்கே நின்றபோதும் என் கோபம் முழுசாகப் போகவில்லை, காதர். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தோணி ஒருநாள் வரவில்லை. பொன்னுசாமியோடு சாகுலை நிற்க வைத்தேன். பந்து இருவருக்கும் நடுவே வந்தது. சாகுல் "விடு" என்று கத்தினான். பொன்னுசாமி விலகிக்கொள்ள, பந்து உள்ளே விழுந்தது. பார்த்தாயா, ரத்தம் பேசுகிறது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன்டா சும்மா நிக்கிறே? விடுன்னேன்ல?"

"விடுன்னே, விட்டேன்."

"விடுன்னா அடிக்கணும்லா."

"அது எப்படிடா அடிக்கிறதாகும்?"

"பட்டம் விடுன்னா கீழ போட்டுட்டுப் போறதா? பம்பரம் விடுன்னா மடியில கட்டிக்கிறதா? பின்கட்டுச் சுவத்துல பந்தடிக்க எங்க நானா சொல்லித் தரும்போது, 'விடு சாகுல், விடு'ன்னுதான் சொல்லுவாக. ஓங்கி அடிச்சாத்தான் நிறுத்துவாக."

நான் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தேன். "இன்னொரு தரம் சொல்லு. உங்க அண்ணன் என்ன சொல்லுவான்?" என்றேன். சாகுல் நான் திட்டப்போகிறேன் என்று பயந்து, மெதுவாக, அதையே திரும்பச் சொன்னான்.

நீ என்னை அடிக்கச் சொல்லியிருக்கிறாய். நான் ராக்கெட்டை ஓங்கியதைப் பார்த்துவிட்டு, இவன் முடித்துவிடுவான் என்ற சந்தோஷத்தில் கத்தியிருக்கிறாய். ஆறு வருஷமாக நான் உன் தலையில் போட்டது என் தப்பு. கிடங்கு வாசலுக்கு வந்தாயே, அதற்குள் உனக்கு இது புரிந்துவிட்டதா? அதைச் சொல்லத்தான் வந்தாயா? இல்லை, சும்மா என்னைப் பார்க்கத்தான் வந்தாயா?

மறுநாள் சவுத் பிரிட்ஜ் சாலைப் பக்கம் உன் வாப்பாவின் கைலிக்கடைக்குப் போனேன். வாப்பாவுக்கு டென்னிஸில் ஒன்றும் தெரியாது, உனக்கே தெரியும். கைலி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"பந்து உள்ளதான் விழுந்துச்சா?"

"ஆமா வாப்பா."

"அவன் அடிக்கச் சொன்னானா?"

"ஆமா."

"அப்ப நீ அடிச்சிருக்கணும்."

"அடிச்சிருக்கணும் வாப்பா."

மடித்த கைலியை அலமாரியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "காய்ச்சல்ல கெடக்கும்போது, கதிரேசன் வந்தானான்னு கேட்டுக்கிட்டே இருந்தான்" என்றார். நான் கல்லாப்பெட்டி பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். கடைக்கு வந்த ஒரு மலாய்க்காரம்மா என்னவோ ஏதோ என்று வெளியே போய்விட்டார். வாப்பா தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்ததும், "சின்னவன் நல்லா ஆடுறானா?" என்று கேட்டார்.

"காதரைவிட நல்லா ஆடுறான்."

"பின்ன ஏன் போட்டியில அவன் பேரு இல்ல?"

அந்த வாரமே மூன்று பேரையும் மாற்றி மாற்றி ஆடவைத்துப் பார்த்தேன். யார் பார்த்தாலும் சாகுலைத்தான் சொல்லியிருப்பார்கள். பட்டியலில் பெயரை மாற்றினேன். அந்தோணி இன்னும் எனக்கு முகம் கொடுக்கவில்லை, அவன் மேல் குற்றம் இல்லை. பொன்னுசாமிக்கும் சாகுலுக்கும் 'மைன்', 'யுவர்ஸ்' எல்லாம் வேண்டாம் என்று 'அடி', 'வேணாம்' என்று இரண்டு வார்த்தைகளைக் கொடுத்தேன். பத்து நாள் மைதானத்தில் அதையே கத்த வைத்தேன். எருமைக்குக்கூடப் பாடம் ஆகியிருக்கும்.

போன சனிக்கிழமை போட்டி. முதல் ஆட்டம் ஜெயித்தோம், இரண்டாவதில் தோற்றோம். எதிரணிப் பையன்கள் நம்மவர்களைவிட நன்றாக ஆடினார்கள், அவ்வளவுதான். அந்தத் தோற்ற ஆட்டத்தில், கடைசி செட்டில், அதே மாதிரி ஒரு பந்து உயர வந்து நடுவில் இறங்கியது. பொன்னுசாமி அதன் அடியில் நின்றான். சாகுல் நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மறந்து, உன் குரலிலேயே, "விடு" என்று கத்தினான். பொன்னுசாமி யோசிக்கவே இல்லை, அடித்தான். பந்து கோட்டோரமாகப் போய் விழுந்தது, எதிராளி திரும்பக்கூட இல்லை.

ஆட்டம் முடிந்ததும் பொன்னுசாமியைத் தனியாகக் கூப்பிட்டேன். "அவன் விடுன்னுதானே கத்தினான்? உனக்கு எப்படிடா அடிக்கத் தோணுச்சு?"

"கத்துனது சாகுல் ஆச்சே அண்ணே" என்றான், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

பத்து நாள் பக்கத்தில் நின்றவனுக்குத் தெரிந்தது, நாலு வருஷம் நின்ற எனக்குத் தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு, காதர்.

சாகுலை அடுத்த வருஷமும் நான்தான் பழக்குவேன். அவன் வாயில் என்ன வருகிறதோ அதையே கத்தட்டும், தடுக்க மாட்டேன். வாப்பா கடைக்கு வாரம் ஒருமுறை போவேன். அந்தக் கடைசிப் பந்து யாருடையது என்று தேக்காவில் யார் கேட்டாலும், ஆறு வருஷம் முன்னால் கத்தியிருக்க வேண்டியதைக் கத்துவேன். மைன்.

சாகுல் இப்போது 'நானா' என்று கூப்பிடுகிற,
உன் கதிரேசன்