மூக்கில் வைக்க மறந்த எடை

என்னங்க,

நாற்பத்திரண்டு வருஷமாக உங்களைக் கூப்பிட்டது இப்படித்தான். இப்போது புதுசாகப் பெயரைப் போட்டு, முன்னால் 'அன்புள்ள' என்று எழுதினால், ஏதோ பேங்க் மேனேஜருக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. அதனால் என்னங்க என்றே ஆரம்பிக்கிறேன். அன்பு உள்ளேதான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய் ஆறு மாதம் முடிந்துவிட்டது. திருநகரில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. எதிர்வீட்டில் மாடி எழுப்புகிறார்கள், காலை ஏழு மணிக்கே கலவை மிஷின் உறும ஆரம்பித்துவிடுகிறது. உங்கள் ஸ்கூட்டரை நம் பெண் கவிதா வரும்போதெல்லாம் ஒரு சுற்று ஓட்டி வைக்கிறாள். ஆவணி பிறந்ததிலிருந்து எனக்குக் கல்யாண ஜாக்கெட் தைக்கவே நேரம் போதவில்லை. பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

இதெல்லாம் கேட்டு நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். இன்னொரு செய்தி இருக்கிறது, அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவீர்களா என்று தெரியவில்லை. உங்கள் விமானத்தை நான் வெட்டிவிட்டேன்.

பதறாதீர்கள். முழுக்கக் கேளுங்கள்.

உங்களோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம், அதில் இந்தக் கடிதம் வரும் என்று கவிதா சொல்கிறாள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இளவயதில் நீங்கள் விமானப்படையில் தரைவேலை பார்த்தீர்கள். 'நாட்' என்கிற குட்டி ஜெட் விமானத்தின் உடம்பைக் கழற்றுவதும் பூட்டுவதும்தான் வேலை. ஊருக்குத் திரும்பிக் கப்பலூரில் ஒரு பட்டறையில் இன்ஸ்பெக்டராக இருந்து, அதிலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகு, பிளாஸ்டிக் மாடல் விமானம் செய்ய உட்கார்ந்தீர்கள். நான் அதைப் பொம்மை என்பேன். "பொம்மை இல்ல புள்ள, மாடல்" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவீர்கள். நானும் வேண்டுமென்றே ஒவ்வொரு தடவையும் பொம்மை என்றே சொல்வேன்.

வீடெல்லாம் பெயிண்ட் தின்னர் நாற்றம். சாம்பாரில்கூட அடிக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். ஒருநாள் கடுகளவு பாகம் ஒன்று கீழே விழுந்துவிட்டது என்று என்னைப் பெருக்கவிடாமல், டார்ச் அடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தீர்கள். கடைசியில் அது என் ஊக்கு டப்பாவில் இருந்தது. அன்றைக்கு யாருடைய ஜாக்கெட்டிலாவது அதை வைத்துத் தைத்திருப்பேன்.

கடைசியாக நீங்கள் எடுத்தது அந்த நாட்தான். கவிதா வாங்கி அனுப்பிய பெட்டியில் இருந்தது இரண்டு பேர் உட்காருகிற பயிற்சி விமானம். நீங்கள் வேலை பார்த்ததோ ஒருவர் மட்டும் உட்காருவது. அதனால் முன்பக்கத்தை வெட்டிக் குட்டையாக்கி, ஒரு சீட்டை எடுத்துவிட்டு, கண்ணாடி மூடியைத் தனியாகச் செய்து, இறக்கையை ராவி, மூன்று மாதம் பாடுபட்டீர்கள். ரெண்டு பேர் போறதை எதுக்கு வெட்டி ஒத்தை ஆளுக்கு ஆக்கணும் என்று நான் கேட்டேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான் புள்ள என்றீர்கள்.

இனிச் சொல்லப்போவது அந்தச் செவ்வாய்க்கிழமை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

என் தையல் மிஷின் தலையை ரிப்பேருக்கு டவுனில் கொடுத்திருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து என்னையும் மிஷினையும் கூட்டிப்போகிறேன் என்றீர்கள். நாலு மணிக்குக் கடை வாசலில் நின்றேன். போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஐந்து மணி வரை அந்த இரும்பைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தேன். உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வழியெல்லாம் போன் அடித்துக்கொண்டே வந்தேன்.

நீங்கள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். விமானத்தின் இரண்டு பாதியையும் ஒட்டி, என் துணிக் கிளிப்புகளையே போட்டு இறுக்கி வைத்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றீர்கள். "மறந்துருச்சு வசந்தா" என்றீர்கள்.

நான் என்னென்ன பேசினேன் என்பதைத் திருப்பி எழுதக் கை வரவில்லை. அதற்கு முன்னாலேயே இரண்டு மாதமாக இப்படித்தான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தீர்கள், சாவியைக் கதவிலேயே விட்டுப் போனீர்கள், கவிதா பிறந்தநாளை மறந்தீர்கள். எல்லாவற்றையும் சேர்த்து அன்றைக்குக் கொட்டிவிட்டேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களோடு நான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். "ப்ளேன்ல ஒரு ஆணி மறக்குதா உங்களுக்கு? மறக்குறதுக்குன்னே நான் ஒருத்தி இருக்கேன்ல."

அப்புறம் நாலு நாள் பேசவில்லை. தட்டை வைப்பேன், சாப்பிடுவீர்கள், எடுத்துப்போவேன். ஒருநாள் சமையல்கட்டு வாசல் வரை வந்து நின்றுவிட்டுப் போனீர்கள். என்ன சொல்ல வந்தீர்கள்? இன்று வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாலாம் நாள் காலையில் குளியலறையில் விழுந்தீர்கள், அப்புறம் கண்ணே திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், மூளையில் சின்னச் சின்னதாக அடைப்பு ரொம்ப நாளாகவே இருந்திருக்கும், மறதி ஏதும் இருந்ததா என்று கேட்டார். வயசுக்கு உண்டான மறதிதான் டாக்டர் என்று சொன்னேன். வேறென்ன சொல்வேன்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன பிறகும் என் கோபம் போகவில்லை. அழுதேன், ஆனால் கோபத்தோடுதான் அழுதேன். டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், நாலு மணிக்கு என்னை மறந்த மனுஷன் அதே நாலு மணிக்கு விமானத்தை மட்டும் மறக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தாரே, அது என்ன மறதி என்று மனசு குடைந்துகொண்டே இருந்தது. அந்த மேஜை மேல் ஒரு லைனிங் துணியைப் போட்டு மூடினேன். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

போன மாதம் சமயநல்லூரிலிருந்து பாண்டி அண்ணன் போன் செய்தார். உங்களோடு ஒரே விமானத்தில் வேலை பார்த்தவர், வேறு யார். நம்ம நாட் ப்ளேனை ஒரு தடவை பார்க்கணும் தங்கச்சி, ஞாயித்துக்கிழமை வாரேன் என்றார். வருகிறவருக்குச் சக்கரம் இல்லாத விமானத்தையா காட்டுவது? கவிதாவும் அந்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். இருவரும் பெட்டியோடு வந்த செய்முறைத் தாளில் சக்கரப் படத்தை மட்டும் பார்த்து, சக்கரம் மூன்றையும் எடுத்து ஒட்டினோம். காய்ந்ததும் மேஜையில் இறக்கி வைத்தோம்.

மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டது. திரும்ப நிறுத்தினோம், திரும்ப உட்கார்ந்தது. நாங்கள்தான் சக்கரத்தைத் தப்பாக ஒட்டிவிட்டோம் என்று நினைத்தோம்.

பாண்டி அண்ணன் வந்து பார்த்தார். முதலில் சிரித்தார். அப்புறம் கையில் எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து லேசாக ஆட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. முன்சக்கரம் வைத்த மாடலுக்கு, இரண்டு பாதியையும் ஒட்டும் முன்னால் மூக்குக்குள் ஏதாவது எடை வைக்க வேண்டுமாம், இல்லையென்றால் இப்படித்தான் உட்காருமாம். நிஜ விமானத்திலும் மூக்கிலிருந்து கனமான சாமானைக் கழற்றினால் வாலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், அதை மற்றவர்களுக்குக் கத்திக் கத்தி ஞாபகப்படுத்துகிற ஆளே நீங்கள்தானாம்.

"இவன் எதை வேணாலும் மறப்பான் தங்கச்சி. இதை மறக்க மாட்டானே" என்றார்.

அவர் போன பிறகு செய்முறைத் தாளை நான் மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் சிவப்புப் பேனாவில் டிக் போடுவது உங்கள் பழக்கம், பட்டறையிலும் அப்படித்தான். சக்கரத்துக்கு முந்தின எல்லாப் படத்துக்கும் டிக் இருந்தது. மூக்கு எடை என்று போட்டிருந்த படத்துக்கு மட்டும் இல்லை. அதற்குப் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் உங்கள் கையெழுத்து.

'மூக்கில் 15 கிராம். ஒட்டும் முன். மறக்காதே.'

அதற்குக் கீழே இன்னொரு வரி.

'வசந்தா. மிஷின். 4 மணி. மறக்காதே.'

என்னங்க, அந்த இரண்டு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். கவிதா வந்து என்னம்மா என்று கேட்டாள், நீட்டினேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மறக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்து, எங்களிடம் சொல்லாமல், ஓரத்தில் எழுதி எழுதிச் சமாளித்திருக்கிறீர்கள். ஏன் சொல்லவில்லை? நான் பயப்படுவேன் என்றா? இல்லை, கத்துவேன் என்றா?

அந்தச் செவ்வாய்க்கிழமை நீங்கள் மறந்தது என்னை மட்டும் இல்லை. எதை உயிராக நினைத்தீர்களோ அதையும் சேர்த்துத்தான் மறந்திருக்கிறீர்கள். இது ஆறுதல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒரு மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்துகொண்டிருந்திருக்கிறார், நான் தட்டை நங்கென்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து, மூக்கை வெட்டி எடை வைக்கப்போகிறேன் என்று கவிதாவிடம் சொன்னேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. "அப்பா கடைசியா ஒட்டினதும்மா. தப்போ சரியோ, அவர் கை பட்டது. அப்படியே இருக்கட்டும்" என்று அழுதாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதுதான். ஆனால் காலமெல்லாம் விமானத்தை நேராக நிறுத்திய மனுஷனுடைய விமானம், வருகிற போகிறவர்கள் முன்னால் பின்பக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டுமா? உங்கள் தப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்க என்னால் முடியாது.

"உங்க அப்பா மறந்ததை நான் செஞ்சா, அது அவரு செஞ்ச மாதிரிதான்டி" என்றேன். அவள் விளக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

வெட்டுவது எனக்குப் புதுசா? அடுத்தவர் தைத்த ஜாக்கெட்டைப் பிரித்து, பிரித்த தடம் தெரியாமல் திரும்பத் தைக்கிற வேலையைத்தானே முப்பது வருஷமாகச் செய்கிறேன். உங்கள் சின்ன ரம்பத்தை எடுத்தேன். சீட்டுக்கு முன்னால், கோடு போட்ட இடத்தில் மெதுவாக அறுத்தேன். ஒரு அங்குல மூக்கு கையோடு வந்தது. உள்ளே உங்கள் வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. வெளியே யாருக்கும் தெரியாத இடத்தைக்கூட ராவி வைத்திருக்கிறீர்கள்.

தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக்குண்டு வாங்கி வந்தேன். ஒரு குண்டிலேயே மூக்கு அடைத்துக்கொண்டது, எடை போதவில்லை. சின்னக் குண்டாகக் கிடைக்கும், வாங்கித் தருகிறேன் என்று பாண்டி அண்ணன் போனில் சொன்னார். சரி என்றுதான் சொன்னேன். போனை வைத்த பிறகு பீரோவைத் திறந்தேன்.

கருமாதி அன்று உங்கள் அக்கா மெட்டியைக் கழற்ற என் காலடியில் உட்கார்ந்தார்கள். நீங்க விடுங்க அண்ணி என்று நானே வெடுக்கென்று கழற்றிப் போட்டேன். எல்லாரும் துக்கம் என்று நினைத்தார்கள். கோபம்தான் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

நீங்கள் பெயிண்ட் கலக்க வைத்திருந்த குட்டித் தராசில் மெட்டி இரண்டையும் வைத்தேன். பழைய காலத்துக் கனமான மெட்டி, பதினாறு கிராம் காட்டியது. உங்கள் குறடால் வளைத்து நசுக்கி, இரண்டு டியூப் கலந்து செய்கிற உங்கள் பசையில் தோய்த்து, மூக்குக்குள் வைத்து அழுத்தினேன். காய்ந்ததும் மூக்கைத் திரும்ப ஒட்டி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, வெள்ளி பெயிண்ட் அடித்தேன். பெயிண்ட் ஒரு இடத்தில் வழிந்துவிட்டது, நீங்களாக இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். தடம் மட்டும் தெரியாது, அதற்கு நான் பொறுப்பு.

மேஜையில் இறக்கி வைத்தேன். மூன்று சக்கரத்திலும் நின்றது. கவிதா வாலைத் தொட்டு அமுக்கிப் பார்த்தாள். மூக்கு மேலே போய், திரும்பத் தானாகக் கீழே இறங்கிக்கொண்டது. நான் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் படத்துக்கு டிக் போட்டேன். கீழே இருந்த வரிக்கும் போட்டேன். நான் வந்து சேர்ந்துவிட்டேங்க. உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

இப்போது தினமும் காலையில் அந்த மேஜைக்குப் பக்கத்தில்தான் காபி குடிக்கிறேன். எதிர்வீட்டுக் கலவை மிஷின், யார் ஜாக்கெட் கொடுத்தார்கள், என்ன குழம்பு வைக்கப்போகிறேன் என்று ஒன்று விடாமல் சொல்கிறேன். கேட்கிறதா உங்களுக்கு? கேட்கவில்லை என்றாலும் பரவாயில்லை. என் உயிர் இருக்கிற வரைக்கும், இனி ஒருநாள்கூட உங்களோடு பேசாமல் இருக்க மாட்டேன்.

உங்கள் மனைவி,
வசந்தா