சைஸ் எல் மாத்திரை

மண்ணரை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் தனபாலுக்கு அம்மா சுப்பாத்தாள் எழுதிக்கொண்டது. சர்க்கரையும் முட்டுவலியும் என்னை விடாமல் பார்த்துக்கொள்வதால் நான் சுகம். ஹைதராபாத்தில் நீயும் மருமகளும் பேரன் முகிலனும் சுகமாகத்தான் இருப்பீர்கள், மருந்துக் கம்பெனி மேனேஜர் வீட்டில் சுகத்துக்கு என்ன பஞ்சம். ஊரெல்லாம் சுற்றுகிற அந்த வீடியோவில் வெறும் கூட்டத்தைத்தான் பார்த்திருப்பாய், ஆட்களை நான் சொல்கிறேன். அன்றைக்கு நம் மருந்துக்கடை முன்னால் நின்றது உன் அண்ணன் செந்தில்வேல், பக்கத்து லைன்வீட்டு ராக்கம்மாள், ராயபுரத்தில் முன்பு மருந்துக்கடை வைத்திருந்த சலாவுதீன் பாய், என் கூடப்பிறந்த கிட்டுசாமி, டீக்கு விட்ட பனியன் கம்பெனி ஆட்கள் ஒரு தெரு நிறைய, அப்புறம் நான். கிட்டுசாமிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதே. உன் காதுகுத்தில் பருப்புக்கு நெய் பத்தவில்லை என்று பாதியில் இலையை மூடினவன், நம் வீட்டுக்கு ஒரு அவமானம் என்றால் செருப்புப் போடக்கூட நிற்காமல் வந்துவிடுவான். வீடியோ எடுத்தது அவன்தான். கை நடுங்கவேயில்லை பார்த்தாயா.

புரட்டாசியில் நீ போன் பண்ணினது உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது, அண்ணன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். வலிப்பு மாத்திரைக்கு எங்க கம்பெனி வெலையை ஏத்தப்போவுது, சரக்கை நிறுத்தியாச்சு, இருக்கறதை உள்ள வெச்சிருந்து புது வெலைக்கு விடு, கேக்கறவன் எங்கீங்கண்ணா போவான் என்றாய். ஆகா, படிக்க வைத்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனோ மருந்துக்கடை வைத்தாலும் பனியன்காரன். ஒரே பனியனுக்கு டெல்லி பார்ட்டிக்கு ஒரு விலை, கேரளா பார்ட்டிக்கு ஒரு விலை என்று ஸ்டிக்கர் அடித்தே பழகின கை, காதர்பேட்டை பனியன் சந்தையில் அதை யாரும் தப்பென்று சொன்னதில்லை. மாத்திரை அட்டையில் அச்சடித்திருந்த விலையின் மேலே மூன்று மடங்கு விலையை நம் பனியன் கம்பெனி மிஷினிலேயே அடித்து ஒட்டிவிட்டான். ஒட்டினவன் சைஸை எடுக்க மறந்துவிட்டான். விலைக்குக் கீழே சைஸ் எல் என்று லட்சணமாக நின்றது.

ராக்கம்மாள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர், அவள் மகளுக்கு வலிப்பு. மூன்று மடங்கு கொடுக்க முடியாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்திருக்கிறாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் பிரேயர் வரிசையிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டு விழுந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு அட்டையும் கையுமாக வந்து நம் கடை முன்னால் நின்றாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. ஏனுங்க முதலாளி, எம்புள்ளைக்கு எட்டு வயசுதானுங்க, எல் சைஸ் தொளதொளன்னு இருக்குமுங்க, சின்ன சைஸா இருந்தாக் குடுங்க என்றாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். துவைச்சாச் சுருங்குமுங்களா என்று ஒருத்தன், எக்ஸ்போர்ட் பீஸா லோக்கல் பீஸா என்று ஒருத்தன், பாஷை புரியாத வடநாட்டுப் பையன்கள்கூட எல் எல் என்று கத்தினார்கள். அப்புறம் அவள் நகத்தால் ஸ்டிக்கரை உரித்து அடியில் இருந்த விலையைக் காட்டினாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கல் விழுந்தது. சாயங்காலம் மருந்து இன்ஸ்பெக்டர் வந்து கடையைப் பூட்டிச் சீல் வைத்தார். யார் சொல்லிச் செய்தாய் என்று அத்தனை பேர் கேட்டும் அண்ணன் உன் பெயரைச் சொல்லவில்லை. சலாவுதீன் பாய் ஈரோடு வரைக்கும் ஆள் அனுப்பித் தேடி, அச்சடித்த விலைக்கே ராக்கம்மாளுக்கு அட்டை வாங்கிக் கொடுத்தார். அந்த மாத்திரை உனக்குப் புதிதில்லை கண்ணு. ஒன்பது வயது வரைக்கும் நான் தேனில் குழைத்து உன் வாயில் வைத்தது அதைத்தான். பஸ் ஓடாத நாளில் ராயபுரத்தில் இருந்து சைக்கிள் மிதித்துக் கொண்டுவந்து கொடுத்ததும் இதே பாய்தான். மேனேஜருக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கும்.

மறுநாள் நீ போன் பண்ணினாய். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்பாய் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எம்பேரு வெளிய வந்துருச்சுங்களாம்மா என்று கேட்டாய். ஒரு வாரத்துல சனங்க மறந்துருவாங்க என்றும் சொன்னாய். தனபால் மெடிக்கல்ஸ் என்று ஆள் உயரத்துக்குப் போர்டு வைத்திருந்தானே உன் அண்ணன், இன்னும் எவ்வளவு வெளியே வரவேண்டும்? போர்டை இறக்கியாகிவிட்டது, கவலைப்படாதே. பிள்ளை இப்போது எழுந்து உட்காருகிறது, பேச்சுத்தான் இழுக்கிறது. தமிழ்மதி என்று பெயர். நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிட்டேன்.

முகிலனைப் பனியில் விளையாட விடாதே. அவனுக்கு ஒரு நாளும் மாத்திரை தேவைப்படாமல் இருக்கட்டும், தேவைப்பட்டாலும் உன்னைப்போல ஒருத்தன் விலை வைக்காத மாத்திரையாக அமையட்டும். மகராசனாக இரு சாமி. பொங்கலுக்கு வந்தால் பஸ் ஸ்டாண்டில் இருந்து முதலில் ராக்கம்மாள் வீட்டுக்குப் போய்விட்டு அப்புறம் இங்கே வா. உறைக்குள் ஒரு ஸ்டிக்கர் வைத்திருக்கிறேன், சட்டையில் ஒட்டிக்கொள், உனக்குச் சைஸ் சரியாக இருக்கும்.

இப்படிக்கு
உன் அம்மா சுப்பாத்தாள்

எழுத விட்டுப்போனது. கிட்டுசாமியை அந்த நெய்யோடு சேர்த்து மன்னித்துவிட்டேன், வீடியோ இல்லாவிட்டால் இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்திருக்கமாட்டார். உன் அண்ணனையும் மன்னித்துவிட்டேன், தினமும் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்திருக்கிறான், ராக்கம்மாள் முகம் கொடுக்காவிட்டாலும் போகிறான். கட்டையில் போகும் வரைக்கும் நான் மன்னிக்காத ஆள் ஒருத்தன்தான். தனபால்.