உன்ரை பெயரில் நான் நிரப்பின படிவம்

என்ரை செந்தூரன் மச்சானுக்கு,

நீ இருக்கேக்கை உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதினதில்லை. வட்ஸ்அப்பிலை "டேய், எங்கை நிக்கிறாய்?", "சாப்பிட்டியோ?" இவ்வளவுதானே எங்கடை கடிதப் போக்குவரத்து. இப்ப நீ போய் ஒரு வருசம் ஆகப்போகுது, பேப்பரிலை போடுறதுக்கு உனக்குக் கடிதம் எழுதிறன். சிரிக்காதை. முழுக்க வாசிச்சால் உனக்குச் சிரிப்பும் வராது.

முதல் உங்கடை வீட்டு நிலவரம். அம்மா நடமாடுறா. சீனி வருத்தம் மருந்திலை நிக்குது. வெங்காயம் இந்தமுறை அரைவாசித் தோட்டத் தறையிலைதான் நட்டவ, கூலிக்கு ஆள் பிடிக்கேலாதாம். வெள்ளிக்கிழமையளிலை நான் உடுப்பிட்டிக்குப் போய்ப் பாத்திட்டு வாறனான். போனால் சாப்பிடாமல் வர விடமாட்டா. உனக்குத் தெரியும்தானே.

கம்பஸ் செய்தியும் ஒண்டு கிடக்கு. இந்த மாரியும் காய்ச்சல் பரவி, பொடியள் பாதிப்பேர் பாயிலை. சோதினையைத் தள்ளவும் ஏலாது, வைக்கவும் ஏலாது. கொரோனா நேரம் எங்களுக்குத் தந்த தெரிவை இவையளுக்கும் குடுப்பம் எண்டு பீடத்திலை முடிவெடுத்தவை. அதுக்கு விதி எழுதுற வேலை ஆரிட்டை வந்தது எண்டு நினைக்கிறாய்? என்னட்டை.

பொறு மச்சான், வாசிக்கிற சனத்துக்கு ஒருக்கா விளங்கப்படுத்திப்போட்டு வாறன். கொரோனா வரேக்கை நாங்கள் கடைசி வருசம். ஊரடங்கு, சோதினை போனிலை. அப்ப ஒவ்வொரு பாடத்துக்கும் ரெண்டு வழி தந்தவை. கிரேட் எண்டு போட்டால் ஏ, பீ, சீ எண்டு வாறது வந்தபடி சராசரியிலை சேரும். பாஸ் எண்டு போட்டால், பாஸ் பண்ணினது மட்டும் பதியும், சராசரியிலை கை வைக்காது. சோதினைக்கு முதலே தெரிவைப் போட்டுவிடவேணும், பிறகு மாத்தேலாது. வீட்டிலை வருத்தத்தோடை கிடக்கிற பிள்ளையள் பாவம் எண்டு யோசிச்சுச் செய்த நல்ல காரியம்.

எங்கடை ஆக்கள் அதைத் தொட்டவையோ? முதல் நாளே "கொரோனா பாஸ்" எண்டு பட்டம் வைச்சாச்சு. நாளைக்கு வேலைக்குப் போற இடத்திலை, சம்பந்தம் பேசிற இடத்திலை, "ஏன் தம்பி உதிலை வெறும் பாஸ் எண்டு கிடக்கு?" எண்டு கேப்பினமாம். நூத்திரண்டு காய்ச்சலிலை கிடந்தவனும் கிரேட் எண்டுதான் போட்டான். எங்கடை பட்ச்சிலை பாஸ் வேணும் எண்டு வாய்விட்டுக் கேட்டவன் நீ ஒருத்தன்தான்.

அம்மாவைக் கொரோனா எண்டு ஆம்புலன்சிலை ஏத்திக்கொண்டு போய் நாலாம் நாள் அது. உன்னை வீட்டுக்குள்ளை தனிமைப்படுத்தி, படலையிலை அறிவித்தலும் ஒட்டியாச்சு. சிக்னல் கிணத்தடியிலைதான் கொஞ்சம் வரும். அங்கை நிண்டு எனக்குப் போன் எடுத்தாய். "மச்சான், புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் ஓடுதடா. அம்மா கதைக்கிறாவோ இல்லையோ எண்டும் ஒருத்தரும் சொல்லீனமில்லை. மூண்டு பாடத்துக்கும் பாஸ் எண்டு போட்டுவிடு. எனக்குப் படிவம் திறக்குதில்லை." பாஸ்வேட்டையும் சொன்னாய். நான் பட்ச் ரெப். ஓம் எண்டனான்.

போட்டது கிரேட். மூண்டுக்கும்.

ஏன் போட்டனான்? "செந்தூரனாவது பாஸ் எடுக்கிறதாவது! உவன் நித்திரைத் தூக்கத்திலை எழுதினாலும் ஏ வரும். இப்ப பயத்திலை கேக்கிறான், பிறகு எனக்கு நன்றி சொல்லுவான்" எண்டு நினைச்சனான். உன்ரை மானத்தை நான் காப்பாத்திறனாம். பெரிய மனுசன்!

மற்றப் பதிலும் ஒண்டு கிடக்கு. பட்ச்சிலை முதலாவது நீ, ரெண்டாவது நான். பாஸ் போட்டால் உன்ரை சராசரி அசையாது எண்டு சுற்றறிக்கையை வாசிச்சு எல்லாருக்கும் விளங்கப்படுத்தினவன் நான்தானே. அந்தப் பொத்தானை அமத்தேக்கை அது எனக்கு ஞாபகம் இல்லாமலோ இருந்தது? சத்தியமாய்த் தெரியேல்லை மச்சான். என்னை நானே கேட்டுக் களைச்சுப்போனன்.

உனக்கு ரெண்டு சீயும் ஒரு சீ பிளசும் வந்தது. ஃபர்ஸ்ட் கிளாஸ் உனக்குத் தவறி எனக்கு வந்தது. திணைக்களத்திலை இருந்த ஒரேயொரு தற்காலிக விரிவுரையாளர் இடமும் எனக்கே வந்தது.

"நான் பாஸ் எண்டெல்லோ சொன்னனான்?" எண்டு நீ வந்து கேட்டாய். கோபமாய்க் கூடக் கேக்கேல்லை. அப்பவாவது சொல்லியிருக்கலாம். "கடைசி நாள் எல்லாரும் ஒரேயடியாய் உள்ளிட்டு சிஸ்டம் இறுகிப்போச்சடா, உன்ரை பதியேல்லை" எண்டு புளுகினன். மேன்முறையீடு செய்து பாப்பமோ எண்டாய். சரிவராது எண்டன். "சரி விடு. அம்மா உயிரோடை திரும்பி வந்திட்டா, அது காணும்" எண்டிட்டு, எனக்கு வேலை கிடைச்சதுக்கு நீ ரோல்ஸ் வாங்கித் தந்தாய். எளிய நாய் நான், அதையும் இருந்து சாப்பிட்டன்.

பிறகு நீ நெல்லியடியிலை ரியூட்டரியிலை கணிதம் படிப்பிக்கப் போனாய். பிள்ளையளுக்கு உன்னிலை உயிர். நல்லாய்த்தானே இருக்கிறான் எண்டு நான் என்ரை மனதைத் தடவி வைச்சிருந்தன். போன மாரி டெங்கு வந்து ஐஞ்சு நாளிலை உன்னைக் கொண்டுபோட்டுது.

இனித்தான் நான் செய்த பெரிய பாவம். கீரிமலையிலை உன்ரை அந்தியேட்டிக் கிரியை முடிச்சு, முப்பத்தோராம் நாள் சனத்துக்குக் குடுக்கக் கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகம் அடிக்கவேணும். உன்ரை வாழ்க்கை வரலாற்றை எழுதச் சொல்லி அம்மா என்னைத்தான் கேட்டவ. "என்ரை வருத்தத்தாலைதான் பிள்ளைக்குக் கிளாஸ் இல்லாமல் போனது எண்டு மறக்காமல் போடு தம்பி. படிக்கேல்லை எண்டு ஒருத்தரும் நினைக்கக்கூடாது" எண்டவ. நான் போட்டன் மச்சான். 'அன்னையின் நோயினால் முதல் வகுப்பை இழந்தும் தளராதவன்' எண்டு நல்ல தமிழிலை எழுதி, ஒப்பு நோக்கி, அச்சுக்கும் நானே குடுத்தன்.

அம்மா அந்தப் பக்கத்தை எத்தினை தரம் வாசிச்சிருப்பா! ஒரு வெள்ளிக்கிழமை எனக்குச் சோறு போட்டுக்கொண்டு சொல்லுறா, "அந்த நேரம் நான் செத்துத் துலைஞ்சிருந்தாலும் பிள்ளை நிம்மதியாய்ப் படிச்சிருப்பான், என்ன?" நான் குனிஞ்ச தலை நிமிராமல் சாப்பிட்டன்.

போன கிழமை பீடக் கூட்டத்திலை நான் எழுதின விதியை வாசிச்சன். பெறுபேற்றைப் பாத்த பிறகும் பிள்ளை தெரிவை மாத்தலாம். பிள்ளை தன்ரை கையாலைதான் நிரப்பவேணும், வேறை ஆரும் நிரப்பக்கூடாது. "எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்கிறீர்!" எண்டு எல்லாரும் புகழ்ந்தவை. எனக்கு அங்கை இருக்கேலாமல் போச்சு. கூட்டம் முடிய நேரை உடுப்பிட்டிக்குப் போனன்.

அம்மா வாசல் முத்தம் கூட்டிக்கொண்டு நிண்டவ. "என்ன தம்பி, இண்டைக்கு வெள்ளியில்லையே?" எண்டா. நிண்டபடியே எல்லாத்தையும் சொன்னன். படிவம், புளுகு, கல்வெட்டு, எல்லாம்.

"அப்ப... என்ரை வருத்தத்தாலை இல்லையோ?"

"இல்லை அம்மா. அவன் கேட்டதை நான் போட்டிருந்தால், நீங்கள் வருத்தமாய்க் கிடந்தாலும் கிளாஸ் அவனுக்குத்தான்."

"திருப்பிச் சொல்லு."

சொன்னன். மூண்டாந்தரமும் சொல்லச் சொன்னா, சொன்னன். அப்படியே முத்தத்து மண்ணிலை குந்தி, ஐயோ எண்டு அழுதா. செத்தவீட்டிலை கூட அவ அப்பிடி அழேல்லை மச்சான். நான் கிட்டப் போகக் கையாலை தடுத்தா. "நான் பெத்த பிள்ளையை நானே கெடுத்தன் எண்டு இவ்வளவு காலமும் என்னைத் தின்ன விட்டிட்டு, என்ரை கையாலை சோறும் வாங்கித் திண்டனீ?" எண்டு கேட்டா.

இதைப் பேப்பருக்கு அனுப்ப முதல், நடந்ததை எழுதிக் கையெழுத்து வைச்சுப் பீடாதிபதியிட்டைக் குடுத்திட்டன். உன்ரை பெறுபேற்றைத் திருத்துவினமோ, என்ரை வேலை நிக்குமோ, ஒண்டும் தெரியாது. நடக்கிறது நடக்கட்டும்.

ஒண்டைத்தான் உனக்கு இன்னும் சொல்லேல்லை. நான் வெளிக்கிடேக்கை அம்மா "போ" எண்டா. மீன்காரனைக்கூடப் "போயிட்டு வா" எண்டு அனுப்பிற மனுசி, என்னைப் "போ" எண்டு மட்டும் சொன்னா. ஆனாலும் வாற வெள்ளி நான் போவன். படலை பூட்டியிருந்தால் வெளியிலை நிண்டிட்டு வருவன். அடுத்த வெள்ளியும் போவன். "வா" எண்ட சொல்லு அவவின்ரை வாயிலையிருந்து இனி வராட்டிலும், அவ இருக்குமட்டும் போவன்.

உன்னை இன்னும் மச்சான் எண்டு கூப்பிட ஆசைப்படுகிற,
நிருபன்