ஜம்பு மரத்தடியில் நான் மறைத்தது

இன்று மதியம் குழம்புக்குச் செராய் எனும் எலுமிச்சைப்புல் தண்டை நசுக்கினேன். அந்த வாசம் எழுந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்க ஆரம்பித்தேன். சனிக்கிழமை காலைகளில் கொசு கடிக்காமலிருக்கப் நம் அடுக்குமாடிப் பிள்ளைகளின் கால்களில் நீ தேய்த்துவிட்ட வாசம் அது. பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் குனிந்து குனிந்து தேய்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பாய். "ஷா ஆலம் ஆபீஸ்ல ஏசியில உக்காந்து உனக்குக் குனியவே மறந்துபோச்சு லா. வா, இந்த ரெண்டு கால் உன்னோடது."

கிள்ளானில் நம் அடுக்குமாடிக்குப் பின்னால், பெரிய கால்வாயைத் தாண்டினால் அந்தக் காலி நிலம். என் தோழியும் பாலர் பள்ளி ஆசிரியையுமான நீ, வாரம் முழுக்கப் பிள்ளைகளை நாற்காலியில் உட்காரவைத்ததற்குச் சனிக்கிழமை ஈடுகட்டுகிறேன் என்பாய். அங்கே நீ பாடம் எதுவும் நடத்தியதில்லை. கெரெங்கா எறும்புகள் இலைகளை ஒட்டிக் கூடு கட்டுவதை ஒருவன் கண்டுவிட்டால் எல்லாரும் போய்ச் சூழ்ந்துகொள்வார்கள். இந்த வாரம் கடி வாங்கியவன், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று அடுத்த வாரம் மற்றவர்களுக்குக் காட்டுவான்.

பெரியவர்களுக்குத்தான் நீ சட்டம் வைத்திருந்தாய். பிள்ளை மரம் ஏறினால் நாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடியில் நிற்க வேண்டும். கூப்பிடக் கூடாது. "கூப்பிட்டா உன்னைத் திரும்பிப் பார்க்கும். அதைக் கிளையைப் பார்க்க விடு," என்பாய். நான் தலையாட்டுவேன். கட்டிய கைக்குள் விரல்கள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டிருக்கும்.

அன்று ஜம்பு மரத்தில் ஏறியது விமலா அக்காவின் மகள் ஷர்மினி. எட்டு வயது. நீ கால்வாய்ப் பக்கம் ஒரு பையனின் செருப்பை எடுக்கப் போயிருந்தாய். அவள் என் தலைக்கு மேல், அடுத்த கிளையில் ஒரு காலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிதானமாகத்தான் இருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "பார்த்து, பார்த்து" என்று கத்திக்கொண்டே அவளுடைய மற்றக் காலைப் பிடித்து இழுத்தேன். பிள்ளை என் மேல் சரிந்து, கையை ஊன்றி விழுந்தது. மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே நீ மெதுவாகச் சொன்னாய். "நான்தானே கூட்டிட்டுப் போனேன். நான் பேசிக்கிறேன்." நான் சரியென்று தலையாட்டினேன். அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியிருக்க வேண்டாம்.

அன்றே வாட்சாப் குழுவில் எல்லாரும் உன்மேல் பாய்ந்தார்கள். "டீச்சரா இருந்துக்கிட்டு இவ்வளவு கேர்லெஸ்ஸா?" என்று ஒருவர். "சனிக்கிழமை டியூசன் போட்டா இதெல்லாம் வருமா?" என்று இன்னொருவர். நடந்ததை நான்கு வரியில் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். அதற்குள் நீ குழுவிலிருந்து விலகியிருந்தாய். அடுத்த சனிக்கிழமையிலிருந்து பிள்ளைகள் கீழே இறங்கவில்லை.

அதன்பிறகும் நாம் சேர்ந்து பாசாருக்குப் போனோம், பிரிக்பீல்ட்ஸ் போய்ப் பூ வாங்கினோம். அந்த நாளைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நோயில் நீ படுத்திருந்தபோது பப்பாளி வெட்டித் தந்தேனே, அப்போதாவது நான் உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். லிஃப்ட் மறுபடி கெட்டுப்போனதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

போன வாரம் சில தாய்மார்கள் சனிக்கிழமையை மறுபடி தொடங்கச் சொல்லி என்னிடம் வந்தார்கள். கைப்பேசியை விட்டுப் பிள்ளைகள் எழுந்திருப்பதில்லையாம். அவர்களோடு விமலா அக்காவும் நின்றிருந்தார். "நீங்க நடத்துனா என் சின்னவன அனுப்புறேன். அன்னிக்கு நீங்க ஓடிப்போய்ப் பிடிக்கலன்னா என் பிள்ளை தலை போயிருக்கும்," என்றார்.

கால் வழுக்கியதாகவே பிள்ளையும் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வருடமாக அவர் அப்படி நம்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அன்று மாலைவரை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இருட்டுமுன் மூன்றாவது மாடிக்குப் போனேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், இழுத்தது நான் என்று.

அவர் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"டீச்சர் சாவுக்கு நான் வரல. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்க்கா."

"ரெண்டு மாடி ஏறுனா வீடு. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்தேன்." துணியை ஓரமாக வைத்துவிட்டு, "என் பிள்ளைய நான் அனுப்ப மாட்டேன். உங்ககூட இல்ல," என்றார்.

அதே நான்கு வரியைக் குழுவில் போட்டேன். இம்முறை அழிக்கவில்லை. "மனசு விட்டுச் சொன்னீங்க" என்று ஒருவர் பாராட்டியதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மூன்று பேர் பின்வாங்கினார்கள்.

இன்று காலை ஐந்து பிள்ளைகளோடு போய்வந்தேன். ஒருத்தி அந்த ஜம்பு மரத்தில் ஏறி இறங்கினாள். நான் வாய் திறக்கவில்லை. அவள் தரையில் கால் வைக்கும்வரை கிளைகளை எண்ணிக்கொண்டே நின்றேன். உன் தைரியம் எனக்கு வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

நீ செய்ததுபோலவே மாடி மாடியாகக் கதவு தட்டித்தான் அவர்களைச் சேர்த்தேன். நீ எந்த வீட்டையும் விட்டதில்லை. வர மாட்டேன் என்றவர்களின் வீட்டையும் தட்டுவாய். மூன்றாவது மாடியில் அந்தக் கதவுக்கு முன் கொஞ்சம் நின்றேன். பிறகு தட்டினேன். உள்ளே பேச்சுக் குரல் நின்றது. யாரும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் தட்டுவேன்.