மிட்டாய்க்குக் கொடுத்த அரை மாத்திரை

ஆகஸ்ட் 9, சனி

காலையிலிருந்தே புழுக்கம். மருந்துக்கடை ஃபேன் கத்துகிறது, எலக்ட்ரீஷியனிடம் சொல்லணும். இன்சுலின் ஸ்டாக் வந்தாச்சு.

பின் தெரு ஜமீலா அக்கா வந்தார். அவர் பூனை மிட்டாய்க்கு உடம்பு கொதிக்குதாம். "செல்வி, மிட்டாய்க்கு ஏதாச்சும் குடும்மா." பாராசிட்டமால் ரெண்டை நாலு பாதியாக வெட்டிக் கவரில் போட்டேன். மேலே ½-0-½ என்று எழுதினேன், காலையில் பாதி, ராத்திரி பாதி. குழந்தைக்கே கொடுக்கிறோம், பூனைக்கு என்ன.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை ஆறரைக்கே வாசலில் அக்கா. துண்டில் மிட்டாய். முகம் வீங்கி, ஈறு பழுப்பாகி, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. "நீ எழுதினபடியேதான் குடுத்தேன் செல்வி. நேத்து ரெண்டு வேளை."

இங்கிருக்கிற கால்நடை டாக்டர் வெளியூர் போயிருக்கிறார். சிதம்பரம் டாக்டருக்கு போன். அவர் முதல் கேள்வி: "பாராசிட்டமால் குடுத்தீங்களா?" பூனைக்கு அது விஷமாம். அரை மாத்திரையே போதுமாம்.

மனிதர்கள் அதை அளவுக்கு மீறிப் போட்டுக்கொண்டால் ஏற்றுகிற மாற்று மருந்துதான் பூனைக்கும். அவரிடம் இல்லை. என்னிடம் இருந்தது, அந்த மாத்திரைக்கு ரெண்டு தட்டு கீழே. பெட்டியோடு எடுத்துக்கொண்டேன்.

வாடகைக் கார். வழியில் ஆலப்பாக்கம் தாண்டும்போது மிட்டாயின் கத்தலும் நின்றுபோனது. அக்கா ஓதிக்கொண்டே வந்தார், நான் டிரைவரைத் திட்டிக்கொண்டே.

ஆக்சிஜன். ஊசி. டாக்டர் ரத்தம் எடுத்தார், டிகாஷன் நிறம். "மீதி மாத்திரை இருக்கா?" அக்கா கவரை நீட்டினார். "யாரு சொல்லிக் குடுத்தீங்க?"

"நானாதான் சார். வீட்ல இருந்துச்சு."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. சீ.

ஆகஸ்ட் 11, திங்கள்

கடை பூட்டு. சிதம்பரத்தில்தான் இருக்கிறேன். ஆறு மணி நேரத்துக்கொரு தரம் மருந்து.

ஈறு:
காலை 7 – பழுப்பு
11 – அதேதான்
3 – ஓரத்தில் லேசாக ரோஸ்? டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து "ம்" என்றார். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் போன். "ஒரு பூனைக்காகக் கடய மூடுவியா?" மூடுவேன் என்றேன். இது பிழைக்காமல் நான் ஊர் திரும்புவதாக இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மிட்டாய் மீன் தின்றது! நாலு வாய். மருந்து கொடுத்த என் விரலையும் கடித்தது. கடிக்கட்டும்.

அக்காவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று. "ஒனக்கு அந்தக் கடதானே சோறு போடுது."

நேரே டாக்டரிடம் போனேன். மாத்திரையை வெட்டிக் கொடுத்தது நான்தான் சார்.

"கவர்ல கட பேரு இருந்துச்சேம்மா." திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "இதுக்கு முன்னாடி எத்தன பூனைக்குக் குடுத்திருப்பீங்க?"

பதினாறு வருஷமாகக் கடை. யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. அதனால் சரியாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மிட்டாய் தேறிவிட்டது, கடை திறந்தாச்சு. கவுன்டரில் அட்டை: நாய், பூனைக்கு இங்கே மருந்து கிடையாது. கீழே டாக்டர் நம்பர். ஃபேன் இன்னும் கத்துகிறது.

முன்னாடி பூனைக்கு மாத்திரை வாங்கிப்போனவர்கள், ஞாபகம் வந்தவரை:
பூக்கடை வசந்தா – வெள்ளைப் பூனை
ஸ்டேஷன் டீக்கடைக்காரர் – குட்டி
தேவனாம்பட்டினம் மீன்காரம்மா – பேர் தெரியாது, விசாரிக்கணும்

எல்லாரையும் நேரில் பார்த்துச் சொல்லியாகணும். போனில் இல்லை.

மதியம் வசந்தா கடை. பூனை எப்படி இருக்கு என்றேன்.

"அதுவாக்கா? அன்னிக்கே செத்துப்போச்சு. நீங்களும் மாத்திரல்லாம் குடுத்துப் பாத்தீங்க, பாவம்." ஒரு முழம் மல்லியை நறுக்கி நீட்டினாள். "வெச்சுக்கோங்கக்கா."

கை நீட்டவில்லை. "வசந்தா, அத கீழ வெச்சுட்டுக் கொஞ்சம் உக்காரு" என்றேன்.