நேர்த்திக் கப்பல்

1944 பெப்ரவரி 20, ஞாயிறு

இன்று ஆகாய விமானம் ஒன்று செய்தேன். பால்பேணித் தகரத்தில். வௌவால் மீன் போல வந்திருக்கிறது. பொரித்துத் தின்னலாம்.

தலைமன்னார் பியர் ஸ்ரேசனில் ரெயிலுக்குத் தண்டவாளம் மாற்றிக் கொடி காட்டுகிறவனுக்கு இந்த வேலை எங்கிருந்து வந்தது? மகள் பிரான்சிஸ்காவால் வந்தது. அவளுக்குப் பேசி வைத்திருக்கும் கொன்ஸ்ரன்ரைன், திருகோணமலையில் நிற்கும் விமானம் தாங்கிக் கப்பலில் குசினியில் சமையல் வேலை செய்கிறான். கடலுக்குப் போனவன் திரும்பி வர, அவன் போன வள்ளத்தைப் போல ஒன்று செய்து மாதா கோவிலில் வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். இவள் விமானம் தாங்கியை நேர்ந்துவிட்டாள். அது கோவிலுக்குப் போன பிறகுதான் பூசையில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசிப்பது என்றும் சேர்த்து நேர்ந்துவிட்டாள். “அப்பா செய்து தருவார்” என்று மாதாவிடம் சொன்னாளாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பெப்ரவரி 27

நூறு அடிக்கு அரைச் சாண் என்று அளவு வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்புக் கணக்கு கடைசியில் ஒன்றுக்கு உதவியது.

பேப்பரில் வந்த படம்தான் மாதிரி. பக்கவாட்டில் எடுத்த படம். மேல்தட்டில் கோபுரம் மாதிரி ஒன்று நிற்கிறது. புகைபோக்கியும் கொடிமரமும் எல்லாம் அதில்தான். அதை நட்ட நடுவில் ஒட்டினேன். வேறெங்கே ஒட்டுவது? பாரத்தை ஒரு பக்கம் வைத்தால் வள்ளம் கவிழும். நான் பிறந்த கீரி என்ற மீன்பிடி ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும்.

மார்ச் 5

தேத்தண்ணிக் கடை ஜுனைதீன் இன்னும் இரண்டு தேயிலைப் பெட்டிப் பலகை தந்தார்.

“என்ன சந்தியோகு அண்ணை, சண்டை முடிஞ்சாலும் உங்கட கப்பல் கடலில இறங்காது போல?”

“இறக்கினால் தாண்டுபோம் தம்பி. அதுதான் யோசிக்கிறன்.”

மார்ச் 8

மகள் கிணற்றடிக்குப் போன நேரம் கப்பலின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த துப்பாக்கிகளைக் கழற்றினேன். வந்து பார்த்தாள். “ஒட்டின வச்சிரம் பிடிக்கேல்லைப் பிள்ளை” என்றேன். நன்றாகப் பிடித்துத்தான் இருந்தது. கத்தி வைத்து நெம்பவேண்டியிருந்தது.

ஏன் செய்தேன்? கப்பல் முடிந்தால் ஓலை. ஓலை முடிந்தால் கலியாணம். கலியாணம் முடிந்தால் அவள் திருகோணமலையில். தாய் செத்துப்போன வீட்டில் மிச்சம் நானும் கோழிகளும். கோழிகளும் அவள் கூப்பிட்டால்தான் வரும்.

மார்ச் 18, சனி

கொன்ஸ்ரன்ரைன் லீவில் வந்தான். கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான் என்று நினைக்கிறேன்.

“மாமா, கோபுரம் நடுவில இல்லை. வலப்பக்கக் கரையில.”

“கரையிலயோ? கவிழாதோ?”

“அடியில மற்றப் பக்கம் பாரம் வைச்சுச் சமப்படுத்துவாங்கள். நடுவில வைச்சா பிளேன் எங்க இறங்கும் மாமா?”

நான் செய்த கப்பலில் இறங்க வரும் ஒவ்வொரு விமானமும் நேரே புகைபோக்கியில் முட்டும். ஜப்பான்காரன் மினைக்கெடத் தேவையில்லை, நான் ஒருவனே போதும்.

எது எங்கே என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். தண்ணீர் மட்டத்துக்குக் கிட்ட ஓர் இடத்தைத் தொட்டு, “நான் படுக்கிறது இதில” என்றான். பிரான்சிஸ்கா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நல்ல பெடியன். அதுதான் கஷ்டம். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

மார்ச் 20

மேல்தட்டை முழுதாகக் கழற்றவேண்டும். இந்த முறை பொய்யும் சொல்லத் தேவையில்லை. தபசு காலம் வேறு, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் கலியாணப் பேச்சே இல்லை. பாட்டுப் படித்துக்கொண்டு கழற்றினேன்.

ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறு

கிழமைக்கு ஒரு கடதாசி எழுதுகிற கொன்ஸ்ரன்ரைன், லீவு முடிந்து போன பிறகு ஒன்றுதான் எழுதினான். பிரான்சிஸ்கா பூசையில் எழும்பவேண்டிய இடத்தில் எழும்பாமல் முழங்காலிலேயே இருந்தாள்.

ஏப்ரல் 30

இன்றும் கடதாசி இல்லை. அந்தக் கப்பல் துறைமுகத்தில் இல்லையாம். எங்கே என்று கேட்டால் சொல்லுவாரில்லை. தனுஷ்கோடிக் கப்பலில் வந்த சனம் கடலில் பெரிய அடிபாடு என்று கதைத்துக்கொண்டு போகிறது. ஜுனைதீன் இன்று பகிடி விடவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பேசாமல் போனார். அதற்குத்தான் பயந்துபோனேன்.

மே 7

“வச்சிரம் காயட்டும் பிள்ளை” என்று இன்றும் தொடங்கினேன். பழக்கதோஷம்.

“அப்பா, நீங்கள் கத்தியால நெம்பினதை நான் அண்டைக்கே கண்டனான்.”

“கண்டிட்டு ஏன் பேசாமல் இருந்தனீ?”

“அம்மா போனாப் பிறகு நீங்கள் பாட்டுப் படிச்சுக்கொண்டு ஒரு வேலையும் செய்யேல்லை. இதுக்குத்தான் படிச்சனீங்கள். கொஞ்ச நாள் இருக்கட்டும் எண்டு விட்டனான்.”

ஏசியிருக்கலாம். ஏசாமல் உள்ளே போய்விட்டாள்.

நான் என்ன மனுசன்? பெடியன் கடலில நிக்கிறான். அவனுக்கு நேர்ந்த கப்பலைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு நான் இஞ்ச... மாதாவே, குற்றத்தை என்ர தலையில போடு. அவன்ர தலையில போடாதை.

மே 12

வேலைக்குப் போக முன் கோபுரம். வந்தால் துப்பாக்கிகள். பழைய குடைக்கம்பி போதவில்லை, நல்ல குடையையே உடைத்தேன். இறங்குகிற விமானத்தைக் கொக்கியில் மாட்டி நிறுத்த மேல்தட்டில் குறுக்கே கம்பிகள் உண்டென்று அவன் சொன்னான். தூண்டில் நூலில் இழுத்துக் கட்டினேன். ஒன்றையும் பிழையாக விடப் பயமாக இருக்கிறது. எந்தப் பிழையை விட்டாலும் அதற்குள்ளால் அவன் விழுந்துவிடுவான் போல.

மே 20

அவன் படுக்கிற இடத்தில் ஒரு யன்னல் வைத்தேன். உண்மைக் கப்பலில் இல்லை. இருக்கட்டும்.

மே 28

முன்பக்கம் பிரான்சிஸ்கா, பின்பக்கம் நான். கோவில் வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தோம். வள்ளங்கள் வைக்கும் தட்டில் இடம் போதாமல் மாதாவின் காலடியில் நிலத்தில் வைத்தார்கள். பாய்மரங்களுக்கு நடுவே எங்கள் கப்பல் மட்டும் விரிக்காத கட்டில் போலக் கிடந்தது. பங்குச் சுவாமி மந்திரிக்கக் குனிந்தபோது அவருடைய வெள்ளை அங்கி காயாத பெயின்ற்றில் பட்டுவிட்டது. எடுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபுரம் வலப்பக்கம்தான் இருக்கிறதா என்று இரண்டுதரம் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 9

கடதாசி வந்தது. இருக்கிறான்! எங்கே போனார்கள் என்று எழுதக் கூடாதாம். கையில் சுடுதண்ணீர் கொட்டினதைத் தவிர ஒரு காயமும் இல்லையாம்.

பிரான்சிஸ்கா வாசித்து வாசித்து அழுதாள். தகரம் வெட்டுகிற சாட்டில் நான் வெளியே போனேன். வெட்ட ஒன்றும் மிச்சம் இல்லை. அப்படியே சுவாமியிடம் நடந்தேன். “ஓலையை வாசியுங்கோ சுவாமி. இந்த ஞாயிறே தொடங்குங்கோ” என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

ஜூலை 12, புதன்

திங்கட்கிழமை கலியாணம் நல்லபடி முடிந்தது. இன்று ரெயிலில் போனார்கள். மேடையில் நின்று வழியனுப்ப முடியவில்லை, இன்று என்னுடைய முறை. தண்டவாளத்தை மாற்றிவிட்டுப் பச்சைக் கொடியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றேன். தூக்காவிட்டால் ரெயில் போகாது. அதையும் யோசித்தேன். சும்மா யோசித்தேன்.

யன்னலால் தலையை நீட்டினாள். “அப்பா, மறக்காமல்...” மிச்சம் என்ஜின் சத்தத்தில் போய்விட்டது. எதை மறக்கக் கூடாது என்று இன்னும் யோசிக்கிறேன்.

பிறகு ஜுனைதீன் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றார்.

“அண்ணை, ரெயில் மதவாச்சியும் தாண்டியிருக்கும். கொடியை இறக்குங்கோ.”